ஹீரோ எப்படி இயக்குநர் ஆகிறார்? கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் கணக்கு

இயக்குநர் என்றதும் நம் கண்முன் வருவது, நாற்காலியில் உட்கார்ந்து மைக்கில் 'ஆக்‌ஷன்' என்று கத்துகிற ஒருவர். ஹாலிவுட் நடிகர்-இயக்குநர் கிளின்ட் ஈஸ்ட்வுட் செட்டில் அந்தக் கத்தல் கிடையாது. தயாரானதும் ஆரம்பிக்கலாம் என்கிற மாதிரி ஏதாவது மெதுவாகச் சொல்வார், கேமரா அதற்கு முன்பே ஓட ஆரம்பித்திருக்கும். முடிந்ததும் 'கட்' என்று அதட்டுவதும் இல்லை. இந்தப் பழக்கம் குதிரையால் வந்தது. அவர் ஆண்டுக்கணக்கில் நடித்த மாட்டு மந்தைத் தொலைக்காட்சித் தொடரில் யாராவது 'ஆக்‌ஷன்' என்று கூவினால், அடுத்து ஓட்டம்தான் என்று குதிரைகளுக்குத் தெரிந்துபோயிருந்தது. நடிகர் வாயைத் திறக்கும் முன்பே குதிரை மிரண்டு கிளம்பிவிடும். சத்தத்தில் மிரள்வது குதிரை மட்டுமல்ல, நடிகரும்தான் என்பது அவர் எடுத்துக்கொண்ட முடிவு.

இந்தக் கட்டுரை அவருடைய வாழ்க்கை வரலாறு அல்ல. ஒரு நடிகர் இயக்குநராக மாறும்போது என்னென்ன கை மாறுகிறது, எங்கே சறுக்கும் என்பதை அவரை வைத்துப் பார்க்கலாம். நல்ல உதாரணம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1971-இல் தொடங்கி 2024 வரை சுமார் 40 படங்களை இயக்கியிருக்கிறார். பாதிக்கும் மேற்பட்டவற்றில் அவரே நடிகர். 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' பார்த்தவர்களுக்கு அவருடைய சுருட்டும் தொப்பியும் ஏற்கெனவே பழக்கம்.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவோம். நடிகர் தன் காட்சிக்கு வருவார், நடிப்பார், போவார். ஒரே ஷாட்டைப் பலமுறை எடுத்ததில் எந்த முறை எடுத்ததை, அதாவது எந்த டேக்கை வைத்துக்கொள்வது, முகத்தில் எவ்வளவு வெளிச்சம், வசனத்தின் நடுவில் எங்கே வெட்டுவது, எதுவும் அவர் கையில் இல்லை. படப்பிடிப்பு இழுத்தால் அவருக்குக் கால்ஷீட் பிரச்சினை, அவ்வளவுதான். இயக்குநருக்கோ ஒவ்வொரு நாள் இழுப்பும் ஒரு யூனிட் முழுவதன் சம்பளம், சாப்பாடு, வாடகை. ஆக நடிகர் இயக்குநராகிறார் என்றால் அவர் பெறுவது இரண்டு: முடிவெடுக்கும் உரிமை, நேரத்துக்குப் பொறுப்பு. முதலாவதை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதில்தான் பலர் கவிழ்கிறார்கள்.

கேட்டுக் கிடைக்காத காலம்

ஈஸ்ட்வுட் 1930-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1954-இல் யுனிவர்சல் ஸ்டுடியோ வாரச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு, சின்னச்சின்ன வேஷம் கொடுத்து, பிறகு கழற்றிவிட்டது. 1959-இல் 'ராஹைட்' என்ற அந்த மாட்டு மந்தைத் தொடர் கிடைத்தது. 1965 வரை ஓடிய அந்தத் தொடர்தான் அவருடைய உண்மையான திரைப்படக் கல்லூரி. எபிசோடுக்கு எபிசோடு வேறு வேறு இயக்குநர்கள். யார் ஷாட்டைத் தெளிவாகத் திட்டமிட்டு வருகிறார், யார் குழம்பி யூனிட்டைக் காக்கவைக்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற வாய்ப்பு அது.

அங்கேயே கையை நீட்டிப் பார்த்தார். மாட்டு மந்தை ஓடுகிற காட்சியில், குதிரை மேல் உட்கார்ந்தபடியே கையில் கேமராவுடன் மந்தைக்குள் புகுந்து எடுக்கட்டுமா என்று கேட்டார். தொழிற்சங்க விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். நடிகர் கேமராவைத் தொடக் கூடாது.

பிறகு இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியோடு மூன்று இத்தாலிய வெஸ்டர்ன்கள், அதாவது கௌபாய் படங்கள், 1964 முதல் 1966 வரை. முதல் படத்துக்குச் சம்பளம் 15,000 டாலர். ஸ்பெயினின் வறண்ட அல்மெரியாப் பகுதியில் படப்பிடிப்பு. அங்கே நேரடி ஒலிப்பதிவு இல்லை, எல்லாம் பின்னால் டப்பிங். ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டு நடிப்பார்கள். தன் பாத்திரத்தின் வசனங்களை அவரே அடித்துக் குறைத்தார் என்பது இங்கே முக்கியம். நடிகர்கள் வழக்கமாக வசனம் கூடக் கேட்பார்கள். குறைத்துக் கேட்கிற நடிகர் ஏற்கெனவே பாதி இயக்குநர்.

லியோனியிடம் அவர் பார்த்தது பிரம்மாண்டம், முகத்தை நிலப்பரப்பு போல் காட்டுவது. அமெரிக்கா திரும்பிய பின் 1968-இல் சேர்ந்த இயக்குநர் டான் சீகலிடம் பார்த்தது நேர் எதிர்: குறைந்த ஷாட், குறைந்த நாள், என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்து எடுத்துவிட்டுப் போவது. ஈஸ்ட்வுட் இயக்கிய படங்களைப் பார்த்தால் இரண்டு பேரும் தெரிவார்கள். ஆனால் வேலை செய்யும் முறையில் அவர் முழுக்க சீகலின் பிள்ளை.

பேரம்

1967-இல் மால்பாஸோ என்ற சொந்தக் கம்பெனி. கலிஃபோர்னியாவில் கார்மெல் பக்கம் ஓடும் ஓர் ஓடையின் பெயர். ஸ்பானிஷில் 'தப்பான அடி' என்று பொருள். சொந்தக் கம்பெனி என்றால் எல்லாப் பணமும் சொந்தப் பணம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஸ்டுடியோதான் பணம் போடும், விநியோகம் செய்யும். கம்பெனி கதையைத் தேர்ந்தெடுக்கும், ஆட்களைச் சேர்க்கும், எடுத்து முடித்துக் கொடுக்கும். நடிகர் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்ற நிலையிலிருந்து பேரம் பேசுபவர் என்ற நிலைக்கு நகர்வது இந்த ஒப்பந்தக் காகிதத்தில்தான்.

முதல் இயக்கம் 'பிளே மிஸ்டி ஃபார் மீ', 1971-இல் வெளிவந்தது. வானொலி அறிவிப்பாளர் ஒருவரை விடாமல் துரத்தும் ரசிகையின் கதை. இதற்கு யுனிவர்சலை அவர் சம்மதிக்க வைத்த விதத்தைக் கவனியுங்கள். இயக்குநர் சம்பளம் என்று தனியாக எதுவும் வாங்கவில்லை, படம் ஓடினால் பங்கு. செலவு 10 லட்சம் டாலருக்குள். அரங்கம் போடுவதில்லை, கார்மெல், மான்டரே பகுதியில் உள்ள நிஜ வீடு, நிஜ மதுக்கூடம், நிஜ கடற்கரை. அந்த ரசிகை வேடத்துக்கு விலை உயர்ந்த நட்சத்திரம் வேண்டாம், ஜெசிகா வால்டர் போதும். ஸ்டுடியோவின் பக்கமிருந்து பார்த்தால் இது மறுக்க முடியாத பேரம். தோற்றாலும் நஷ்டம் சிறியது, ஹீரோவோ ஏற்கெனவே வியாபாரம் ஆகிறவர்.

புதிதாக இயக்க வரும் நடிகர்கள் செய்கிற பொதுவான தவறு இதற்கு நேர் எதிரானது. சந்தை மதிப்பு உச்சத்தில் இருக்கும்போது முதல் படத்தையே கனவுப் படமாக, பெரிய பட்ஜெட்டில் எடுக்கிறார்கள். செலவு ஏற ஏற ஸ்டுடியோவின் கேள்விகளும் ஏறும். சின்னச் செலவு என்றால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் நாள் எடுத்தது ஒரு மதுக்கூடக் காட்சி. மது ஊற்றுபவராக நடித்தவர் டான் சீகல். குரு பக்கத்தில் இருக்கட்டும் என்கிற தைரியத்துக்காக அவரை நடிக்க வைத்தார். படம் திட்டமிட்ட நாளுக்கு முன்பே முடிந்தது.

தன்னையே இயக்குவது

இங்கேதான் ஆரம்பநிலை வாசகருக்குப் பெரிய சந்தேகம் வரும். கேமரா முன் நிற்பவருக்குத் தன் முகம் எப்படித் தெரியும்?

வேலை இப்படி நடக்கும். காட்சிக்கு யார் எங்கே நிற்பது, எங்கிருந்து எங்கே நடப்பது என்று முடிவு செய்வார்கள். ஹீரோவின் உயரமும் உடல்வாகும் நிறமும் கொண்ட மாற்று ஆள், கிட்டத்தட்ட அதே உடையில், அந்த இடத்தில் நிற்பார். இயக்குநர் கேமரா வழியே அவரைப் பார்த்து சட்டகத்தைச் சரிசெய்வார். தரையில் டேப் ஒட்டி இடம் குறிக்கப்படும், ஃபோகஸ் தூரம் அளக்கப்படும், விளக்குகள் அமைக்கப்படும். எல்லாம் முடிந்த பிறகு மாற்று ஆள் விலக, இயக்குநர் அதே டேப்பில் வந்து நிற்பார். அந்த நொடியிலிருந்து கேமராவை இயக்குபவரின் கண்தான் அவருடைய கண். டேக் முடிந்ததும் அவரைத் திரும்பிப் பார்த்து, சரியா என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

வீடியோ மானிட்டர் வந்த பின் இது எளிதாயிற்று. அதைப் படப்பிடிப்புத் தளத்துக்குக் கொண்டுவந்த முன்னோடியும் ஒரு நடிகர்-இயக்குநர்தான்: நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ், 1960-இல். தேவைதான் கருவியை உண்டாக்கியது. ஈஸ்ட்வுட் பிற்காலத்தில் கையில் பிடிக்கிற சின்ன வயர்லெஸ் மானிட்டரோடு நடிகர்களின் பக்கத்திலேயே நிற்பார். தூரத்தில் கூடாரம் போட்டு, பத்துப் பேரோடு பெரிய திரையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. காரணம் எளிது. பத்துப் பேர் பார்த்தால் பத்துக் கருத்து வரும், ஒவ்வொரு கருத்தும் இன்னொரு டேக்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, எதிரில் நடிப்பவரை இயக்குநர் கண்ணோடு பார்த்துவிடுவது. பாத்திரம் காதலோடு பார்க்க வேண்டிய இடத்தில், பரீட்சை பேப்பர் திருத்துகிற பார்வை வந்துவிடும். க்ளோஸ்-அப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். இரண்டாவது, கூச்சம். மற்ற நடிகர்களுக்கு நேரம் கொடுத்துவிட்டு, தன் ஷாட் வரும்போது யூனிட் காத்திருக்கிறதே என்று அவசரமாக ஒன்றை எடுத்துவிட்டு நகர்வது. உனக்கு நீயே குறை வைத்துக்கொள்ளாதே என்பதுதான் சீகல் அவருக்குக் கொடுத்த முக்கிய எச்சரிக்கை.

ஒரு டேக், இரண்டு டேக்

ஈஸ்ட்வுட் பற்றிப் பேசினால் முதல் டேக்கிலேயே திருப்தி அடைகிறவர் என்பார்கள். சோம்பல் என்று சிலரும் மேதைமை என்று சிலரும் சொல்வார்கள். அதைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும்.

மேசைக்கு இருபுறமும் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தெரிகிற அகலமான ஷாட் ஒன்று, ஒருவர் தோளுக்கு மேலிருந்து மற்றவரைப் பார்ப்பது இரண்டு, தனித்தனி க்ளோஸ்-அப் இரண்டு. மொத்தம் ஐந்து கோணம். ஒரு டேக் ஓட 2 நிமிடம், மறுபடி தயாராக 3 நிமிடம். கோணத்துக்கு 8 டேக் எடுத்தால் 200 நிமிடம் போகும். 2 டேக் என்றால் 50 நிமிடம். விளக்கு மாற்றும் நேரம் இரண்டிலும் ஒன்றே. இரண்டரை மணி நேரம் மிச்சம், அதுவும் ஒரே காட்சியில்.

ஃபிலிம் காலத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கேமராவில் மாட்டும் 1,000 அடி ஃபிலிம் பெட்டி, அதாவது மேகசின், சுமார் 11 நிமிடத்தில் காலி. மேலே சொன்ன 40 டேக்குகளுக்கு 7,200 அடி, எட்டு மேகசின். 10 டேக்குகளுக்கு 1,800 அடி, இரண்டே மேகசின். மேகசின் மாற்றும் ஒவ்வொரு முறையும் நடிகர்கள் கலைந்து, டீ குடித்து, சூடு ஆறிப்போய்த் திரும்பி வருவார்கள். ஃபிலிம் விலையைவிட இந்தச் சூடு ஆறுவதுதான் பெரிய நஷ்டம். 2014-இல் டிஜிட்டலில் எடுக்க ஆரம்பித்த பின்னும் அவர் இந்த வேகத்தை விடவில்லை.

இது எல்லோருக்கும் வேலை செய்யாது. முதல் டேக்கில் முழு நடிப்பையும் கொண்டுவரும் நடிகர்கள் உண்டு, நாலாவது டேக்கில்தான் எஞ்சின் சூடேறும் நடிகர்களும் உண்டு. ஒரே காட்சியில் இருவரும் எதிரெதிரே இருந்தால், குறைந்த டேக் முறையில் இரண்டாமவர் அடிபடுவார். ஈஸ்ட்வுட் இதற்கு வைத்திருக்கும் மருந்து, ஒத்திகையையே கேமராவில் எடுத்துவிடுவது. ஒத்திகை என்று நினைக்கும்போது நடிகர் இறுக்கமில்லாமல் இருப்பார். தேறினால் அதுவே படத்துக்குள் போகும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: நடிகர் தேர்வு சரியாக இருக்க வேண்டும், எல்லோரும் வசனத்தோடு தயாராக வர வேண்டும். முன்தயாரிப்பில் செய்யாத வேலையைத்தான் பலர் டேக்குகளில் செய்கிறார்கள்.

வேகத்தின் விலையையும் மறைக்க வேண்டியதில்லை. 2014-இல் வந்த 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' உலகெங்கும் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அவருடைய பெரிய வெற்றி. அதில் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசும் ஒரு காட்சியில், குழந்தை வெறும் பொம்மை என்று அப்பட்டமாகத் தெரியும். நாயகன் கட்டை விரலால் பொம்மைக் கையை அசைத்துவிடுவது வரை தெரியும். ஏற்பாடு செய்த குழந்தைக்குக் காய்ச்சல், மாற்றாக வர வேண்டிய குழந்தை வரவில்லை. வேறு ஒருவராக இருந்தால் அந்தக் காட்சியை இன்னொரு நாளுக்குத் தள்ளியிருப்பார். இவர் பொம்மையை வைத்து எடுத்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போனார். உலகமே சிரித்தது.

மாறாத யூனிட்

ஒரே யூனிட் இல்லாமல் இந்த வேகம் சாத்தியமே இல்லை. ஈஸ்ட்வுட் வெளியிலிருந்து பெரிய பெயர்களைக் கொண்டுவருவதைவிட, கீழே இருப்பவரை ஒரு படி ஏற்றிவிடுவார். கேமராவை இயக்கிக்கொண்டிருந்த ஜாக் கிரீன் 1986-இல் ஒளிப்பதிவாளர் ஆனார். விளக்குப் பிரிவுத் தலைவராக இருந்த டாம் ஸ்டெர்ன் 2002-இல் ஒளிப்பதிவாளர் ஆனார். எடிட்டிங் உதவியாளராக வந்த ஜோயல் காக்ஸ் எடிட்டராகி ஆஸ்கர் வாங்கினார். ஈஸ்ட்வுட்டுக்கு டூப் போட்ட பட்டி வான் ஹார்ன், ஈஸ்ட்வுட் நடித்த மூன்று படங்களை இயக்கவே செய்தார்.

பாசத்துக்காக மட்டும் செய்கிற ஏற்பாடு என்று இதை நினைத்தால் பாதி விஷயம் போய்விடும். டாம் ஸ்டெர்ன் இருபது ஆண்டு அவருக்கு விளக்கு வைத்தவர். ஈஸ்ட்வுட்டுக்கு முகத்தின் பாதி இருட்டில் இருந்தால் பிடிக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. 'மில்லியன் டாலர் பேபி'யின் குத்துச்சண்டைக் கூடத்தைப் பாருங்கள்: முழுக்க இருட்டு, மேலிருந்து ஒரு வெளிச்சம், அதற்குள் வந்து போகும் முகங்கள். விளக்கு குறைவு என்றால் அமைக்கிற நேரமும் குறைவு. அழகியலும் சிக்கனமும் இங்கே ஒரே ஸ்விட்சில் இருக்கின்றன. அந்தப் படம் 37 நாட்களில் முடிந்தது. வார்னர் பிரதர்ஸ் தயங்கியதால் 3 கோடி டாலர் பட்ஜெட்டில் பாதியை வேறு கம்பெனியிடம் வாங்கி எடுத்தார்கள். சிறந்த படம், இயக்கம், நடிகை, துணை நடிகர் என்று நான்கு ஆஸ்கர். அப்போது அவருக்கு 74 வயது.

அதிகாரம் எல்லை மீறும்போது

நட்சத்திரம் கையில் தயாரிப்பும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணமும் இவர் கணக்கில் இருக்கிறது. 'தி அவுட்லா ஜோசி வேல்ஸ்' படத்தைத் தொடங்கியவர் ஃபிலிப் காஃப்மன். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் நீக்கப்பட்டு, ஈஸ்ட்வுட் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். படம் 1976-இல் வந்து நன்றாகவும் ஓடியது. ஆனால் அமெரிக்க இயக்குநர் சங்கம் கொதித்துப்போய் ஒரு விதியைக் கொண்டுவந்தது: இயக்குநரை நீக்கினால், அதே படத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர் அந்த இடத்துக்கு வரக் கூடாது. தொழிலில் இன்றும் அதை ஈஸ்ட்வுட் விதி என்றே சொல்கிறார்கள். நியாயமான விதி. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஹீரோவும் முதல் வாரச் சண்டையில் இயக்குநராகிவிடலாம்.

இன்னொன்று 'தி ஐகர் சாங்ஷன்', 1975. சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையில் நிஜமாகவே ஏறி எடுத்தார்கள். பாறை விழுந்து யூனிட்டைச் சேர்ந்த மலையேறி ஒருவர் இறந்துபோனார். ஈஸ்ட்வுட் தன் காட்சிகளில் தானே தொங்கினார். ஹீரோ ஆபத்தான காரியத்துக்கு ஆசைப்பட்டால் இயக்குநர் வேண்டாம் என்பார். இரண்டும் ஒரே ஆள் என்றால் வேண்டாம் என்று சொல்ல செட்டில் யார் இருக்கிறார்கள்?

தன் பிம்பத்தைத் தானே உடைப்பது

1992-இல் வந்த 'அன்ஃபர்கிவன்' இந்தக் கதையின் மையம். திரைக்கதையை டேவிட் வெப் பீப்பிள்ஸ் 1970-களிலேயே எழுதிவிட்டார். ஈஸ்ட்வுட் அதை 1980-களில் வாங்கி, பாத்திரத்தின் வயது தனக்கு வரட்டும் என்று கிடப்பில் போட்டார். கையில் நல்ல கதை இருந்தும் ஆண்டுக்கணக்கில் தொடாமல் இருப்பது சொந்தக் கம்பெனி இருப்பவருக்கே முடியும்.

படத்தின் ஆரம்பத்தில் நாயகன் பன்றிச் சேற்றில் விழுந்து எழுகிறான். குதிரை மேல் ஏறப் பார்க்கிறான், குதிரை சுற்றிச் சுற்றி நகர்கிறது. துப்பாக்கியைப் பழக்கப்படுத்திப் பார்க்க ஒரு தகர டப்பாவைக் குறி வைக்கிறான். படவில்லை, மறுபடியும் படவில்லை. பேசாமல் வீட்டுக்குள் போய் ஷாட்கன்னை எடுத்து வந்து டப்பாவைச் சிதறடிக்கிறான். முப்பது ஆண்டுகளாகக் குறி தப்பாதவராக இருந்த நடிகர் இப்படி நிற்கிறார். வேறொரு இயக்குநர் இதைக் கேட்டால் பல நட்சத்திரங்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். தன் பிம்பம் தன் கையில் இருந்ததால் அவரால் அதை உடைக்க முடிந்தது. காலில் போட்டிருந்தது பழைய 'ராஹைட்' காலத்து பூட்ஸ். ஒன்பது பரிந்துரை, நான்கு ஆஸ்கர், அதில் படமும் இயக்கமும். நடிகருக்கான பரிசு மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை, அது அல் பாசினோவுக்குப் போயிற்று. படம் செர்ஜியோவுக்கும் டானுக்கும் சமர்ப்பணம்.

இதற்குப் பின் அவர் நடிக்காமல் இயக்கும் படங்கள் கூடின. 1973-லேயே 'ப்ரீஸி'யில் முயன்று பார்த்தது அது. 'மிஸ்டிக் ரிவர்' (2003) ஷான் பென், டிம் ராபின்ஸ் இருவருக்கும் ஆஸ்கர் வாங்கித் தந்தது. 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' (2006) கிட்டத்தட்ட முழுக்க ஜப்பானிய மொழியில், அந்த மொழி தெரியாமலே எடுத்தது. கடைசியாக வந்த 'ஜூரர் நம்பர் 2' 2024-இல், 94 வயதில். அமெரிக்காவில் ஐம்பதுக்கும் குறைவான திரையரங்குகளில்தான் அதை வெளியிட்டார்கள் என்பது ஸ்டுடியோக்கள் எவ்வளவு மாறிவிட்டன என்பதற்குக் கணக்கு.

எங்கே தொடங்குவது என்றால், 'அன்ஃபர்கிவன்' முதலில், அடுத்து 'மில்லியன் டாலர் பேபி', மூன்றாவதாகத்தான் 'பிளே மிஸ்டி ஃபார் மீ'. இரண்டு முதிர்ந்த படங்களைப் பார்த்துவிட்டு முதல் படத்துக்குப் போனால், அவர் எதைக் கற்றுக்கொண்டார் என்பது தெரியும். பரபரப்பான அந்தக் கதையின் நடுவே காதலர்கள் கடற்கரையில் நடக்கும் ஒரு முழுப் பாட்டு வரும். பாட்டு அருமை, அடுத்த ஆண்டே அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதைத் தொடர்ந்து நிஜ மான்டரே ஜாஸ் விழாவிலேயே எடுத்த காட்சிகள். கத்தியோடு ஒருத்தி சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்பதே நமக்கு மறந்துபோகும். ஜாஸ் பிரியரான ஈஸ்ட்வுட் ஆசைப்பட்டு எடுத்துவிட்டார், எடிட்டிங் மேசையில் வெட்ட மனம் வரவில்லை. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், கதை எத்தனை நிமிடம் நின்றுபோகிறது என்று.